துவைக்காத சட்டை

கராம் அரண்மனை, கிழக்கு மாளிகை
ஒன்பதாம் மாதம், இருபதாம் நாள்

அன்புள்ள தம்பி கேதோங்குக்கு,

அக்கா பாகாஜி எழுதுவது. இங்கே நான் நலம். முல்சே தீவில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் பிரித்துப் படிக்கப்போகும் எழுத்தரும் நலமாக இருக்கட்டும். போன தடவை ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்ததாக எழுதியிருந்தாய். படிக்கிறவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் படித்தால் புண்ணியமாகப் போகும்.

இருபது வயதாகியும் உன்னைக் கேதோங், அதாவது 'நாய்ப்பீ' என்றே கூப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டிருக்கிறாய். நான் என்ன செய்ய? பேய் அண்டாமல் இருக்க அசிங்கமாகப் பெயர் வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. என்னை அம்மா பாகாஜி, சுரைக்குடுவை என்றாள். நாடாளும் அண்ணனையே 'கல்லு' என்றுதான் கூப்பிட்டாள். அரச குடும்பத்தாரின் பிறந்த பெயரை, முறைப்படி வைத்த உண்மைப் பெயரை, கடிதத்தில் எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதிலும் உனக்கு வரும் கடிதத்தில் எழுதினால் எழுத்தருக்குக் காய்ச்சலே வந்துவிடும்.

தீவில் இன்னும் யாரும் உன்னிடம் தங்கள் பெயரைச் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். பதினோரு வருடமாக 'மீன்காரர்', 'வலைக்காரர்', 'அந்தக் கடைசி வீட்டம்மா' என்றே கூப்பிட்டுக் காலம் தள்ளுகிறாய். அவர்களைக் குறை சொல்லாதே. ஒன்பது வயதில் அம்மாவின் சட்டையைத் தூக்கிக்கொண்டு கூரையேறி, வடக்கே பார்த்து நின்று, மூன்று முறை பெயர் சொல்லித் திரும்பி வரச் சொன்னாய். சாவு விழுந்த எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் யார் வீட்டிலும் இறந்தவர் எழுந்து உட்கார்ந்ததில்லை. உன் வாயில் தங்கள் பெயர் விழக்கூடாது என்று அவர்கள் நினைப்பதில் என்ன அதிசயம்?

முத்துக்குளிக்கும் மல்சுன் மட்டும் முதல் நாளே வந்து உன்னிடம் பெயர் சொன்னாளே, அதை நினைத்து இன்றும் சிரிக்கிறேன். "எம் பேரு மல்சுன். செத்தா மட்டும் கூப்பிட்டுடாதீங்க சாமி. எனக்கு இடுப்பு வலி, திரும்பி வந்து இன்னொரு தடவை கடல்ல முங்க என்னால ஆகாது" என்றாளாமே. போன வாரம் கருவாடு கொடுக்க அரண்மனைச் சமையற்கட்டுக்கு வந்தபோது உன்னைப் பற்றிக் கேட்டேன். "ஆளு ஓடு மாதிரி காஞ்சு போயிட்டாரு. வாய் மட்டும் கொறையல" என்றாள். அதுவே எனக்குப் போதும்.

அண்ணனுக்கு இலையுதிர் தொடங்கியதிலிருந்து இருமல். கழுத்து வலியும் கூட. இத்தனை வருடமும் தலையணை இல்லாமல் வெறும் பாயில் தலை வைத்துத் தூங்கினால் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும்? பட்டத்து ராணி சொல்லிப் பார்த்தாள், வைத்தியர் சொல்லிப் பார்த்தார், நானும் சொன்னேன். யார் பேச்சையும் கேட்பதில்லை. ராணியின் அப்பா, முதல் மந்திரி பியோ, தினமும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறார். அவர் இவ்வளவு அக்கறையாக விசாரிப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அம்மா திரும்பி வந்த அந்த மூன்று நாளும் என்ன செய்தாள் என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். எத்தனை தடவை எழுதுவது? உன்னை அன்றைக்கே படகில் ஏற்றிவிட்டார்கள், நீ பார்க்கவில்லை, அதனால் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சரி. பைன் கொட்டைக் கஞ்சி குடித்தாள். தோட்டத்தில் உட்கார்ந்தாள். உன்னைக் கேட்டாள். தூக்கத்திலேயே போனாள். போதுமா?

வழக்கம்போலத் தேன் இஞ்சி ஒரு ஜாடி அனுப்பியிருக்கிறேன். முடிச்சை அவிழ்க்க முடியவில்லை என்று வருடா வருடம் குறை சொல்லாமல் கத்தியால் அறுத்துக்கொள்.

கூடவே என்னுடைய பச்சைப் பஞ்சுச் சட்டையும் இருக்கிறது. என் கணவர் இறந்து நான் இங்கே திரும்பி வந்த வருடத்திலிருந்து குளிர்காலமெல்லாம் அதைத்தான் போட்டிருந்தேன். நேற்றுவரை உடம்பில் கிடந்தது. தோளைப் பிரித்து உன் அளவுக்குத் தைத்திருக்கிறேன். பெண்பிள்ளைச் சட்டை என்று வெட்கப்படாதே, உள்ளே போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒன்று மட்டும், அதைத் துவைக்காதே. பழைய பஞ்சு, தண்ணீர் பட்டால் கட்டி தட்டிவிடும். அழுக்கானால் வெயிலில் உதறிப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா பாகாஜி


கராம் அரண்மனை
பன்னிரண்டாம் மாதம், மூன்றாம் நாள்

முல்சே தீவில் எழுந்தருளியிருக்கும் மாண்புமிகு இளைய இளவரசர் அவர்களின் திருமுன்பு,

தங்கள் தமக்கையாகிய அடியேன் பணிவன்போடு எழுதிக்கொள்வது. மாமன்னரின் அருளாலும் முன்னோர் ஆசியாலும் தலைநகரில் அனைவரும் நலம். தாங்களும் நலமே என நம்புகிறேன்.

மாமன்னர் தங்கள் மேல் கொண்ட கருணையினால், பதினோராண்டுத் தண்டனை இத்துடன் முடிந்ததாக அறிவிக்கத் திருவுளம் கொண்டிருக்கிறார். புத்தாண்டுப் பேரவைக்கு முன் தாங்கள் அரண்மனைக்கு எழுந்தருள வேண்டும் என்பது அவருடைய விருப்பம். கடிதம் கொண்டுவரும் அரசுக் கப்பலிலேயே தாங்கள் புறப்படலாம். வழித்துணைக்கு நாற்பது வீரர்கள் வருகிறார்கள். தங்களுக்கு எந்தக் குறையும் வராமல் முதல் மந்திரி பியோ அவர்களே பொறுப்பேற்றிருக்கிறார்.

மாமன்னரின் உடல்நலம் குறித்து வெளியே வீண் வதந்திகள் உலவுகின்றன. அவற்றைத் தாங்கள் நம்பவேண்டாம். அவர் வேளாவேளைக்குக் கஞ்சி அருந்துகிறார். தலைக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு நிம்மதியாக உறங்குகிறார். தங்களைக் காணும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அடியேனும் அவ்வாறே.

தாமதமின்றி எழுந்தருள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தமக்கை


பன்னிரண்டாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

கேதோங்,

இதை மல்சுன் கருவாட்டுக் கூடையின் அடியில் எண்ணெய்த்தாளில் சுற்றி எடுத்து வருகிறாள். நாற்றத்துக்கு என்னைத் திட்டாதே. அரசுக் கப்பல் தீவு தீவாக நின்று வரும், இவள் நேராக வருவாள், எது முதலில் வந்து சேரும் என்று தெரியவில்லை. இரண்டு கடிதமும் கையில் இருந்தால் இதை நம்பு. மற்றதில் உன்னைத் 'தாங்கள்' என்று எழுதியிருக்கிறேன். பியோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. இரண்டு தலையணை மட்டும் நானாகச் சேர்த்தது. மனிதர் அதையும் படித்துப் பார்த்துத் தலையாட்டினார். பதினோரு வருடமாக மாமனாராக இருக்கிறார், மருமகன் எப்படிப் படுப்பார் என்று தெரியவில்லை.

அண்ணன் இறந்துவிட்டார். பதினோராம் மாதம் இருபத்துநாலாம் நாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. காலையில் பனி விலகும் நேரத்தில் ஜன்னலைத் திறந்தேன். எதிரே அரசர் மாளிகைக் கூரையில் அந்தரங்கப் பணியாள் தோக்சு நின்றுகொண்டிருந்தான். கையில் அண்ணனின் சிவப்புச் சட்டை, முகம் வடக்கே. ஓடு மாற்றப் போகிறவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு வடக்கே பார்த்து நிற்பானா?

விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதால் கிசுகிசுப்பாகக் கூப்பிட்டானாம். அரசரின் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாதே, அதனால் முறைப்படி, "உயர்ந்த ஆசனமே, திரும்பி வா" என்று மூன்று முறை. அழுகையின் நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆசனத்தைக் கூப்பிட்டால் அண்ணன் எப்படி வருவார்? பாவம், கல்லு என்று கூப்பிட்டிருந்தால் திரும்பியாவது பார்த்திருப்பார்.

உடம்பைப் பனிக்கட்டிக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். தினமும் மூன்று வேளை கஞ்சி உள்ளே போகிறது, காலிக் கிண்ணம் வெளியே வருகிறது. குடிப்பது தோக்சு. இரண்டு வாரத்தில் அவன் கன்னம் வைத்துவிட்டது. என்னைப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறான்.

பியோவுக்கு என்ன வேண்டும் என்று நேராகவே சொல்கிறேன். ராணிக்குக் குழந்தை இல்லை. அண்ணன் வாரிசு அறிவிக்கவில்லை. அப்படியானால் சட்டப்படி அரியணை உனக்கு. பியோவோ தன் மகன் வழியில் வந்த நாலு வயதுப் பேரனை அண்ணனுக்குத் தத்துப்பிள்ளையாக்கி அரியணையில் அமர்த்திவிட்டு, பின்னால் இருந்து ஆளப் பார்க்கிறார். புத்தாண்டுப் பேரவையில் அரசர் தன் வாயால் வாரிசைச் சொன்னால்தான் மற்ற மந்திரிகள் ஒத்துக்கொள்வார்கள். இறந்தவர் எப்படிச் சொல்வார்? அதற்குத்தான் நீ. ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு அண்ணனை எழுப்பி உட்காரவைக்க வேண்டும். அது முடிந்த மறுநிமிடம் உனக்கு விஷக் கிண்ணம். அதைக் காய்ச்சும் வைத்தியரைக்கூட அமர்த்தியாகிவிட்டது.

ஆனால் பியோவுக்கு ஒரு இடைஞ்சல் இருக்கிறது. அண்ணன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். துவைத்த சட்டையானால் போன உயிருக்கு அடையாளம் தெரியாது என்பதால் யாரும் தொடக்கூடாது என்று காவல் வேறு. ஆகச் சட்டை அவரிடம், குரல் உன்னிடம். பெயர் மட்டும் என்னிடம். அம்மா உனக்குத் தன் பெயரையும் என் பெயரையும் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தாள். பட்டத்துக்கு உரியவன் என்பதால் அண்ணனின் பிறந்த பெயரை என் காதில் மட்டும் போட்டாள்.

பியோ வந்து எதிரே உட்கார்ந்து, "இளவரசியம்மா, நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தம்பியையும் பாத்த மாதிரி ஆச்சு, அண்ணனையும் பாத்த மாதிரி ஆச்சு. இந்தக் கொடுப்பினை யாருக்குக் கெடைக்கும்?" என்றார். ஏதோ கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி. தம்பி வந்து நின்றால்தான் சொல்வேன் என்று தவணை வாங்கினேன். அதனால்தான் அந்தக் கடிதத்தை எழுதினேன். என்னை மன்னித்துவிடு.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் முழுக்க எனக்கும் ஆசையாக இருந்தது. நீ வருவாய், உன்னைப் பார்க்கலாம், அண்ணன் எழுந்து உட்கார்வார், மூன்று பேரும் ஒரு அறையில் இருப்போம். அப்புறம் அம்மா நினைவு வந்தது.

கேதோங், அம்மா கஞ்சி குடிக்கவில்லை. தோட்டத்தில் உட்காரவில்லை. நான் எழுதியதெல்லாம் பொய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எழுதிய பொய்யைப் பிறகு மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். குடித்தது அத்தனையும் வாயோரமாக வழிந்தது, தாகம் மட்டும் அடங்கவில்லை. மூன்று நாளும் கண்ணை மூட முடியவில்லை. எத்தனை கணப்பு வைத்தும் கை சூடாகவில்லை. எங்களை யாரென்றே தெரியவில்லை. "யாரோ கூப்பிட்டாங்க, வந்துட்டேன். எதுக்குன்னு தெரியலையே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம்தான் அடையாளம் கண்டாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்லு, என்னைப் போக விடுடா. என்னால முடியல" என்றாள்.

கூப்பிட்டவன் நீ, கடல் நடுவில் இருந்தாய். அண்ணன்தான் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு அவளை அனுப்பிவைத்தார். எப்படி என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அன்றிலிருந்து அவர் தலையணையைத் தொட்டதில்லை.

அவர் உன்னை வெறுத்துத் தீவுக்கு அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மந்திரிகள் அன்றே உன்னைக் கொன்றுவிடச் சொன்னார்கள். தீவு அவர் கெஞ்சி வாங்கியது. பிறகு ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்றால், உன் முகத்தை நினைத்தாலே அவருக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்துவிடும். பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தேன் இஞ்சி நான் அனுப்பியதல்ல. வருடா வருடம் அவரே ஜாடியில் போட்டு, துணி மூடி, கயிறு கட்டி, என் பெயரில் அனுப்பச் சொல்வார். நீ திட்டிக்கொண்டே இருந்த முடிச்சுகள் அவர் போட்டவை. நீ குறை சொல்லி எழுதியதைப் படித்துக் காட்டும்போது மட்டும் சிரிப்பார்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். பதினைந்தாம் நாள் மந்திரிகள் எல்லோரும் கூடும் அவை இருக்கிறது. அன்று காலை வெள்ளை உடுத்தி, கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, அழுதபடி நடுவாசல் வழியாக உள்ளே போகப்போகிறேன். நான் எதுவும் பேசக்கூட வேண்டியதில்லை. தங்கை அப்படி வந்து நின்றால் அண்ணன் இறந்துவிட்டான் என்று அர்த்தம், இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். அத்தனை பேர் கண் முன்னால் சாவு தெரிந்துவிட்டால், பிறகு யாரை எழுப்பி யாரை ஏமாற்றுவது?

பியோ என்னைச் சும்மா விடமாட்டார். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதைப் பற்றி எழுதி எண்ணெய்த்தாளை வீணாக்க விரும்பவில்லை. காலையில் தோக்சுவிடம் வெள்ளைத் துணி கேட்டேன். ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்தான். "இளவரசி, கஞ்சி எறங்கவே மாட்டேங்குது" என்று சொல்லி அழுதான்.

நீ தீவில் இருக்காதே. என்ன நடந்தாலும் சட்டப்படி வாரிசு நீதான். ஒரு கூட்டம் கிரீடத்தோடு உன்னைத் தேடி வரும், இன்னொரு கூட்டம் விஷக் கிண்ணத்தோடு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு படகும் ஒரே மாதிரிதான் இருக்கும். காத்திருந்து பார்க்காதே. மல்சுனின் ஆட்கள் பாசி எடுக்கக் கிழக்குக் கடலுக்கு அப்பால் போவார்கள். இந்த வருடம் உனக்காக முன்னதாகவே கிளம்புகிறார்கள். அவளோடு போ. அந்த ஊரில் உன்னை யாருக்கும் தெரியாது. முதல் ஆளைப் பார்த்ததும் பெயரைக் கேள். தயங்காமல் சொல்வார்கள். பதினோரு வருடம் கழித்து உன் வாயில் பத்துப் பேரின் பெயராவது விழட்டும், பக்கத்துத் தெருவிலிருந்து சாப்பிடக் கூப்பிடுவதற்காக.

அண்ணன் பெயரை நான் இதில் எழுதவில்லை. அது என்னோடு முடியட்டும். அவர் தூங்கட்டும். பதினோரு வருடத் தூக்கம் பாக்கி இருக்கிறது.

என் பெயர் உனக்குத் தெரியும். மறந்துவிடு என்று சொன்னால் நீ மறக்கப்போவதில்லை, சின்னதிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்டவனில்லை. மல்சுன் முதல் நாளே உன்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டாளே, அது நினைவிருக்கிறதா? அவளுக்கு இடுப்பு வலி. எனக்கு அந்தச் சாக்குகூட இல்லை. அக்கா சொல்கிறேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல அசிங்கமான பெயர்களாக வைக்க வேண்டும். தலை நரைத்து, பல் விழுந்து, தேன் இஞ்சியைக் கடிக்க முடியாமல் சப்பிச் சாப்பிடும்வரை வாழ வேண்டும். அம்மாவும் அண்ணனும் உன் கூடவே இருப்பார்கள்.

அந்தப் பச்சைச் சட்டையைக் கையோடு எடுத்துப் போ. போகிற ஊரில் குளிர் இன்னும் அதிகமாம். துவைக்காதே என்று அனுப்பும்போது எழுதியிருந்தேன். துவைத்துவிடு. பஞ்சு கட்டி தட்டினாலும் பரவாயில்லை. இதைப் படித்து முடித்ததும், வேறு எந்த வேலைக்கும் முன்னால், கடல் தண்ணீரில் நன்றாக அலசி, இரண்டு முறை துவைத்துவிடு.

உன் அக்கா,
பாகாஜி